கொழும்பில எங்க ரூம் எடுக்கிற?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப இருக்கும் உம்மா வாப்பாமார் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, நம்மிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா வீட்டுக்கு வந்தார். வயல் செய்கிறவர். மகள் கொமர்ஸ் படித்து, ஒலுவில் கெம்பஸ் முடித்து, இப்போது நுகேகொடைப் பக்கம் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோசமாகத்தான் வந்தார். ஆனால் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் மூன்று விலாசங்கள். மாளிகாவத்தையில் பிள்ளையின் உம்மாவுக்குச் சாச்சி மகள் ஒருவருடைய வீடு. கொலன்னாவையில் மிகவும் குறைந்த வாடகைக்கு ஒரு மேல்மாடி. தெஹிவளையில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கும் ஓர் அனெக்ஸ்.

"சேர், நீங்க சரித்திரம் படிப்பிக்கிறவங்க. கொழும்பும் பழக்கம். இதில எது நமக்குச் சரி?"

அன்றைக்கு நாம் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் தாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். உண்மையில் அவர் கேட்டது வாடகைக் கேள்வி மாதிரி இருந்தாலும், "நமக்குச் சரி" என்ற அந்தச் சொல்லில் சில நூறு வருடச் சரித்திரம் கிடக்கிறது. அதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

1344 ஆம் ஆண்டளவில் இப்னு பதூதா கொழும்பைக் கண்டு, இந்தத் தீவின் அழகான பெரிய பட்டினங்களில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் துறைமுகத்தைச் சுற்றி நம்மவர்கள் இருந்தார்கள். வியாபாரம் எங்கேயோ வீடும் அங்கே. போர்த்துக்கேயர் வந்த பிறகு அது மாறியது. கரையோரத்தில் சோனகர் மீது நெருக்குதல் கூடிக்கொண்டே போய், 1626 இல் அவர்களை வெளியேற்றும் கட்டளை வந்தது. கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். அதில் சுமார் 4000 பேரை நமது மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாகச் சொல்லப்படுகிறது. நாம் வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் பரீட்சைக்கு ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். நமது ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் மூதாதையர் கொழும்பிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தவர்களாகவும் இருக்கலாம் என்று சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது வேலைக்குப் போகிற பிள்ளை ஒரு வகையில் திரும்பிப் போகிறது.

1656 இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆட்சியில் சோனகர் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வைத்திருக்க முடியாது என்று தடை இருந்தது. "ஊழியம்" என்ற பெயரில் கூலியில்லாத வேலையும் செய்ய வேண்டும். கடைத்தெருவில் வியாபாரம் வேண்டும், ஆனால் இரவில் அங்கே தூங்கக் கூடாது. அப்படியானால் எங்கே போவது? மதிலுக்கு வெளியே, நடந்து போய் வரக்கூடிய தூரத்தில், புதுக்கடை, வாழைத்தோட்டம், மருதானைப் பக்கம். இன்றைக்கும் அங்கே பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு என்று பெயர்ப் பலகை நிற்கிறது. கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அந்தப் புதிய சோனகத் தெருவில்தான். "நம்மவர்கள் நெருக்கமாக இருக்கும் இடம்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நெருக்கம் முழுவதும் விரும்பி வந்ததல்ல. வேறு இடம் கிடையாது என்றதால் வந்த நெருக்கமும் அதில் உண்டு.

அந்தத் தடை 1832 இல்தான் ஆங்கிலேயர் காலத்தில் நீங்கியது. அதன் பிறகு புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நம்மவர் கடைகள் பெருகின. இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளி, 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடிந்தது. இந்திய முஸ்லிம் வியாபாரிகள் எடுத்த முயற்சி அது. கடையில் வேலை செய்கிறவர்களும் பொருள் வாங்க வருகிறவர்களும் ஐவேளை தொழ ஓரிடம் தேவைப்பட்டது. இப்போது வெளிநாட்டுக்காரர் வந்து படம் பிடிக்கிறார்கள். அன்றைக்கு அது மூட்டை தூக்கிய தோளோடு உள்ளே போய் வுழூ எடுக்கும் பள்ளி.

நமது ஊர் ஆட்களின் முதல் கொழும்பும் இந்தப் புறக்கோட்டைதான். 1928 இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்த பிறகு பயணம் ஓரிரவாகச் சுருங்கியது. மருதமுனைச் சாறனும், காத்தான்குடிப் புடைவை வியாபாரமும், நெல்லும் அரிசியும் கருவாடும் அந்த வழியில் போயின. கடைக்கு வேலைக்குப் போன பையன் கடையிலேயே தூங்கினான். பகலில் சாமான் அடுக்கும் இடம், இரவில் பாய் விரிக்கும் இடம். மேல்மாடியில் ஏழெட்டுப் பேர், ஒரே குழாய், ஒரே சோற்றுச் சட்டி. வாடகை என்ற பேச்சே இல்லை. முதலாளி நமது ஊர்க்காரராகவோ பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். ஊரில் ஒரு மௌத்து என்றால் அவருக்குத்தான் முதலில் செய்தி போகும். ரயில் காசும் அவர்தான் கொடுப்பார்.

இந்த ஏற்பாட்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ குமர்கள் கரைசேர்ந்தது அந்தப் பாய்களில் தூங்கியவர்களின் உழைப்பினால். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேல்மாடியில் ஒரு பெண்பிள்ளைக்கு இடமில்லை. நமது ஊரின் கொழும்பு ஞாபகம் முழுக்க ஆம்பிளைகளின் ஞாபகம். எந்தத் தெரு நல்லது, எந்தச் சாப்பாட்டுக் கடை, எந்தப் பள்ளி, எவரிடம் போனால் படுக்க இடம் கிடைக்கும் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொன்னது. அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு மகளுக்கு ரூம் தேடுகிறோம்.

மருதானையின் கதை வேறு. 1892 இல் சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே இருந்த ஒராபி பாஷா ஆகியோரின் முயற்சியில் மருதானைப் பள்ளிவாசல் பக்கத்திலே ஸாஹிறா உருவானது. 1899 இல் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியபோது ஒரு பாதை பொறளைக்கும் மற்றொன்று கிராண்ட்பாஸுக்கும் போனது. நடந்து போகிற தூரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கே தளர ஆரம்பித்துவிட்டது. பாதையோரத்துக் குடியிருப்புகள் நிறைந்தன. கடையில் தூங்கியவன் தனி அறை எடுக்கலாம், குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்ற எண்ணம் வந்தது.

நமது பக்கத்துக்கு அந்தக் கதவைத் திறந்தவர்களில் ஒருவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1942 இல் யுத்தகால உணவு நெருக்கடியின்போது உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர். நெல் விளைச்சலைப் பெருக்க வந்த உத்தியோகத்தர், பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக் கவலைப்பட்டார். 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கியது. 1948 முதல் 1961 வரை அவர் ஸாஹிறா அதிபராக இருந்த காலத்தில் கிழக்கு மாகாணத்திலிருந்து போன பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். கடை மேல்மாடிக்குப் பிறகு கொழும்பில் நமக்குக் கிடைத்த இரண்டாவது கூரை அந்த விடுதிதான் என்று சொன்னால் மிகையாகாது. அங்கே படித்தவர்கள் பிறகு டொக்டராகவும் அப்புக்காத்துவாகவும் ஆனபோது புறக்கோட்டையில் அறை தேடவில்லை. அவர்கள் ட்ராம் பாதையையும் பஸ் பாதையையும் பிடித்து வெளியே போனார்கள்.

கொம்பனித்தெருவைப் பற்றியும் இரண்டு வரி. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவில் வைத்திருந்த இடம் என்பதால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் விழுந்தது. சுற்றியிருந்த பேர வாவியில் முதலை இருந்ததால் தப்பி ஓட முடியாது என்று சொல்வார்கள். பிறகு மலாய்ப் படைவீரரின் குடியிருப்பாக மாறியது. ஜாவா லேன், மலே ஸ்ட்ரீட், ரைபிள் ஸ்ட்ரீட் என்ற பெயர்கள் அதன் மிச்சம். வேகந்தைப் பள்ளிவாசல் 1786 ஆம் ஆண்டுக்குரியது. ரைபிள் படை 1873 இல் கலைக்கப்பட்ட பின்னும் மலாய்க் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. தலைமுறை தலைமுறையாக இருந்தோம் என்பது போதாது என்பதை அந்தப் பகுதி மக்கள் 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது கண்டார்கள். இன்று அங்கே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மாடிகள்.

இனி, வாடகைக்கு வருவோம். நமது ஊரில் பலர் கேட்கும் கேள்வி: "ஒரு சின்ன அறைக்கு ஏன் ஆறு மாத, ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறான்? ஏன் ஒரு வருடத்துக்கு மேல் எழுதித் தர மாட்டேன் என்கிறான்?" கொழும்பு வீட்டுக்காரர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1942 இல் யுத்த காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1972 இன் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. குடியிருப்பவரை எழுப்புவது பெரும்பாடு. வாடகையைக் கூட்டவும் முடியாது. அடுத்த வருடமே, 1973 இல், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியது. மேலதிக வீடுகளில் குடியிருந்தவர்கள் அவற்றை வாங்கும் வாய்ப்புப் பெற்றார்கள். வாழைத்தோட்டத்திலும் மருதானையிலும் சின்ன உத்தியோகத்தரும் கடைச் சிப்பந்தியும் சொந்த வீட்டுக்காரரானது இப்படித்தான்.

நல்ல சட்டமா என்று கேட்டால், உள்ளே இருந்தவனுக்கு நல்லது, வெளியே நின்றவனுக்குக் கெட்டது என்றுதான் நாம் சொல்வோம். பயந்துபோன வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி வைத்தார். அல்லது கீமணி என்று ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே வாங்கினார். 1980 இல் சட்டம் தளர்த்தப்பட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை. வாப்பாவிடமிருந்து மகனுக்கு வீடு மாத்திரமல்ல, அந்தப் பயமும் வந்தது. இன்றைய அட்வான்ஸ் அந்தப் பயத்தின் விலை. ஆகவே கோபப்படாமல் செய்யவேண்டியதைச் செய்யுங்கள்: கொடுக்கும் காசுக்கு எழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் விதி. புரோக்கர் கொண்டுவரும் கடதாசியில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று நம்மிடம் வந்து அழுத பிள்ளைகள் இரண்டு பேர்.

வெள்ளவத்தையைத் தொடாமல் இந்தக் கதை முடியாது. ரயில் பாதையும் காலி வீதியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடம். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த எழுதுவினைஞர்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். காலையில் ரயில் ஏறினால் கோட்டைக் கந்தோருக்கு நேரத்துக்குப் போகலாம். ஒருவர் வந்தார், அவருடைய மச்சான் வந்தார், மச்சானின் ஊர்க்காரர் வந்தார். புறக்கோட்டையில் நம்மவர் செய்ததை வெள்ளவத்தையில் அவர்கள் செய்தார்கள். பாய்க்குப் பதில் கட்டில், அவ்வளவுதான் வித்தியாசம்.

1983 ஜூலையில் அந்தத் தெருக்கள் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்பது அன்றிருந்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பதிவான விடயம். நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரம் கொழும்புக்கு வந்தபோது சோனகர் கடைகள்தான் இலக்கு. ஒரே இடத்தில் கூடியிருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். தேடி வருகிறவனுக்கும் அது வசதி.

ஆனால் நம்மை யோசிக்க வைப்பது பிறகு நடந்ததுதான். எரிந்த வெள்ளவத்தை வெறுமையாகவில்லை. யுத்தம் முற்ற முற்ற வடக்கிலிருந்து வந்தவர்கள் மீண்டும் அங்கேயேதான் வந்தார்கள். லொட்ஜுகள் நிரம்பின, மாடி வீடுகள் எழுந்தன. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அதற்குப் பிறகும் அங்கேயேதான் வந்தார்கள். ஏன்? மருந்துக் கடையில் தமிழில் பேசலாம். கோயில் இருக்கிறது. மரக்கறிக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கும். வீட்டுக்காரருக்குப் பெயரை விளக்கத் தேவையில்லை. பயம் ஒரு பக்கம் இழுக்க, அன்றாடம் மறுபக்கம் இழுத்தது, அன்றாடம் வென்றது. இதைப் பிழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாமும் அடையாள அட்டையை நீட்டும்போது கை நடுங்கிய காலத்தில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வருடம் போடிங்கில் இருந்தவர்கள்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தச் சந்தைப் பக்கம் நடக்கும்போது வருகிற ஆறுதல் தெரியும்.

1990 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிகளில் நடந்தது, ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டது. வசதியுள்ள சிலர் கொழும்பில் ஒரு வீட்டை எடுத்து வைத்தார்கள், ஊரில் ஏதும் நடந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோக. அப்படிப் போனவர்கள் மருதானையோடு நிற்கவில்லை. காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று தெற்கே இறங்கினார்கள். பழைய கொழும்புச் சோனகக் குடும்பங்களும் பிள்ளைகள் பெருகி வீடு சிறுத்தபோது அந்த வழியே வந்துகொண்டிருந்தன. தெஹிவளையில் இன்று இவ்வளவு பள்ளிகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருப்பதற்கு இந்த இரண்டு ஓட்டமும் காரணம்.

இனித் துண்டில் இருந்த கொலன்னாவைக்கு வருவோம். வாடகை குறைவு என்றால் ஏன் குறைவு என்று நிலத்திடம் கேட்க வேண்டும். களனி கங்கையின் தாழ்நிலம் அது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கூரை வரை தண்ணீர் நின்ற வீடுகளை நாம் போய்ப் பார்த்தோம். நமது ஊரிலிருந்தும் சாமான் சேர்த்து அனுப்பினோம், பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள், மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். நாம் மனிதரைச் சொல்லவில்லை. நகரம் தன்னுடைய குப்பையையும் வெள்ளத்தையும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் வாடகை மலிவு. மேல்மாடி என்றால் தண்ணீர் ஏறாது என்றார் அந்த வாப்பா. உண்மை. மேல்மாடியில் இருக்கலாம்; மூன்று நாள் கீழே இறங்க முடியாது, அவ்வளவுதான். கந்தோரில் லீவு யார் தருவது?

மாளிகாவத்தை பற்றி அவருடைய மனம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. உறவு வீடு, சுற்றிவரப் பள்ளி, பாங்கு கேட்கும். அந்த மனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இரண்டு அறை உள்ள மாடி வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வேறு. வேலைக்குப் போகிற பிள்ளை இரவு கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், எங்கே இருந்து படிக்கும்? உறவு வீட்டில் வாடகை இல்லை என்பார்கள். வாடகையைச் சமையலறையில் கொடுக்க வேண்டி வரும் என்பதை வாப்பாமார் யோசிப்பதில்லை, உம்மாமாருக்குத் தெரியும். பயணமும் பாருங்கள். மருதானையில் களனிவெளி ரயில் ஏறினால் நுகேகொடை நேரே போகலாம்தான், ஆனால் அந்தப் பாதையில் ரயில் குறைவு. தவறவிட்டால் பஸ் மாறி 138 பிடிக்க வேண்டும். தெஹிவளையிலிருந்து என்றால் கொஹுவலை வழியாக ஒரே பஸ்.

தெஹிவளை அனெக்ஸில் அவருக்கு இருந்த தயக்கம் வீட்டுக்காரி. சிங்களப் பெண்மணி, ஓய்வுபெற்ற தாதி. அங்கே இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மாவனல்லை, மற்றவர் யாழ்ப்பாணம். "நம்மட ஆக்கள் இல்லியே சேர்" என்றார்.

இதில் அவரை நாம் குறை சொல்ல முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மிடம் படித்த ஒரு பையன் அறை தேடி அலைந்தபோது, தொலைபேசியில் எல்லாம் சரி என்ற வீட்டுக்காரர்கள் பெயரைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டார்" என்றார்கள். ஒன்றல்ல, நான்கு வீடு. ஐந்தாவது வீட்டில் அவன் தொலைபேசியை எடுத்ததும் முதல் வசனமாகப் பெயரைச் சொன்னான். அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தான். மறுக்கிறவனைச் சீக்கிரம் மறுக்கவிடுவது ஒரு கெட்டித்தனம் என்று அவனிடம் நாம் படித்தோம். ஒல்லாந்தன் சட்டம் எழுதித் தடுத்தான். இப்போது சட்டமில்லாமலே தடுக்கிறார்கள். ஆனால் ஒல்லாந்தன் காலத்தில் ஐந்தாவது வீடு இருக்கவில்லை.

ஆகவே இரண்டு நாள் கழித்து நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: துண்டை வைத்துவிட்டு பிள்ளையையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டைப் பகலில் பார்க்காதீர்கள், பிள்ளை வேலை முடிந்து வரும் நேரத்தில், இரவு ஏழரைக்கு, பஸ் தரிப்பிலிருந்து நடந்து பாருங்கள். வழியில் விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்று உம்மா பார்க்கட்டும். வீட்டுக்காரியுடன் தேத்தண்ணி குடியுங்கள். தொழ எங்கே போகலாம் என்று நீங்கள் கேட்க வேண்டாம், பிள்ளை கேட்கட்டும்; கேள்வி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று வீட்டுக்காரியும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றும் சொன்னோம், அவர் சிரித்துவிட்டார். இன்றைக்குப் பிள்ளை எடுக்கும் அறை, நாளைக்கு அது கல்யாணம் முடித்து அந்தப் பக்கமே வீடு எடுத்தால், பேரப்பிள்ளையின் முதலாம் வகுப்புப் பாடசாலையைத் தீர்மானிக்கும். அனுமதிக்கு வதிவிடத் தூரமும் வாக்காளர் இடாப்பும் பார்க்கிறார்கள். "இன்னும் மாப்பிள்ளையே பாக்கல்ல சேர்" என்றார். சரிதான். ஆனால் ஸாஹிறாப் பக்கம் அறை எடுத்தவர்களின் பிள்ளைகள் ஸாஹிறாவில் படித்ததும் இந்தக் கணக்கில்தான்.

போனார்கள். மூன்று பேரும் இரவு பஸ்ஸில் போய் அடுத்த நாள் முழுக்கக் கொழும்பில் அலைந்தார்கள். மாளிகாவத்தையில் பகல் சாப்பாடு, உறவையும் விட்டுவிடவில்லை. மாலையில் நுகேகொடையிலிருந்து பஸ் ஏறித் தெஹிவளையில் இறங்கி நடந்திருக்கிறார்கள். வீட்டுக்காரிக்கு நம் வாப்பாவின் சிங்களம் விளங்கவில்லை, இவருக்கு அவருடைய தமிழ் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. அந்தம்மா கேட்ட ஒரே கேள்வி, நோன்பு காலத்தில் சஹருக்கு எத்தனை மணிக்குச் சமையலறை விளக்குப் போடுவீர்கள், நாய் குரைக்கும், அதனால் கேட்கிறேன் என்பதுதானாம். மாவனல்லைப் பிள்ளையோடு இரண்டு நோன்பு கழித்த அனுபவம்.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து அவர் நமக்கு அழைத்தார். மகளை விட்டுவிட்டு வருகிறோம், உம்மா இன்னும் அழுகிறாள் என்றார். பிறகு, "சேர், அவ நாய் கதையக் கேட்டதும் எனக்கு மனசு சரியாகிட்டு" என்றார். நாயால் மனம் சரியான கதையைச் சரித்திரப் பாடத்தில் எங்கே சேர்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கொழும்புக்குப் போய் உழைத்த பெரியவர்கள் இருந்தால், முதல் இரவு எங்கே படுத்தீர்கள், யார் இடம் தந்தார் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். தெருவின் பெயர், கடையின் பெயர், ஆண்டு, எது ஞாபகம் இருந்தாலும் பரவாயில்லை. கொழும்பில் தனியாக இருந்து வேலை செய்த, செய்கிற நமது பெண்பிள்ளைகள் இருந்தால் அவர்களும் எழுதுங்கள். எந்த வீதி, எந்த நேரத்துக்குப் பஸ் கிடைக்கிறது, எந்தப் பக்கம் இரவில் நடக்கலாம் என்று. அடுத்த மாதம் இன்னும் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள்.